சம்பந்தி வீட்டு விதை

டாலிகஞ்ச், போர்ட் பிளேயர்
12 ஜூன் 1968

சம்பந்தி அண்ணாவுக்கு மரகதம் எழுதுவது.

நிச்சயதார்த்தம் முடிந்து நீங்களும் அண்ணியும் மாப்பிள்ளையும் போட் ஏறின பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சரசு மட்டும் கால் தரையில் படாமல் திரிகிறாள். நேற்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவள் அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அவர் எதற்குத்தான் வாயைத் திறந்தார்?

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயம் ஆனதும் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பூவும் வெற்றிலையும் போக வேண்டும். மெயின்லேண்டில் பஸ்ஸில் கொடுத்தால் சாயங்காலம் போய்ச் சேரும். இங்கே போட் எப்போது கிளம்பும் என்று அதை ஓட்டும் சேராங்குக்கே தெரியாது. அதனால் நாங்கள் பூவாக அனுப்புவதில்லை, செடியாகவே அனுப்பிவிடுவோம். இந்தத் தீவில் பல தலைமுறையாக இருக்கிறோம், இப்படி நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறோம். (என் தாத்தா எதற்காகக் கைதியாகக் கப்பல் ஏற்றப்பட்டார் என்று உங்கள் மச்சினர் பந்தியில் கேட்டாராமே. தாத்தா யாரையும் கொல்லவில்லை, ஒரு கையை மட்டும் வெட்டினார் என்று சொல்லுங்கள்.)

நான்கு மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, எங்கள் கொல்லை மண்ணை அடைத்து, மல்லிகை, வெற்றிலைக் கொடி, மருதாணி, கனகாம்பரம் வைத்து அனுப்பியிருக்கிறேன். சரசு ஓடி விளையாடின மண். அவளுக்கு முன்னால் அவள் மண் உங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று ஆசை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

மரகதம்


லாங் ஐலண்ட்
24 ஜூன் 1968

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு சிவஞானம் வரைவது.

தாங்கள் அன்புடன் அனுப்பிய நான்கு டின்களும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. ஜெட்டியிலிருந்து வீடு வரை நானும் மகன் ஜெகநாதனும் ஆளுக்கு இரண்டாகச் சுமந்து வந்தோம். மர மில்லில் வேலை செய்யும் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். டைம்கீப்பர் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டுச் சீர் வருகிறது என்று தெலுங்கிலும் வங்காளத்திலும் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்தத் தீவில் காய்கறி என்பது அவரவர் கொல்லையில் விளைவதுதான். போட்டில் வருவது உருளைக்கிழங்கும் வெங்காயமும், அதிலும் பாதி அழுகல். அம்பாசமுத்திரத்தில் என் அப்பா நெல் போட்டார். நான் இங்கே காய் போடுகிறேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு வேண்டிய புடலை, வெண்டை, பாகல், கீரை எல்லாம் என் பாத்திகளில் தயாராகிக்கொண்டிருக்கின்றன. கடைக் காய் ஒன்று கூட இலையில் விழாது. இது என் வாக்கு.

டின்னிலிருந்து செடிகளை எடுத்துத் தரையில் வைக்கும்போதுதான் தங்கள் சாமர்த்தியம் தெரிந்தது. செடிகளோடு விதையும் அனுப்பியிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை எழுதவில்லையே! மண்ணுக்குள் கொத்துக் கொத்தாக, ஊறின ஜவ்வரிசி மாதிரி, லேசான மஞ்சள் ஓடிய வெள்ளையில், எவ்வளவு அழகான விதைகள்! என் மனைவி விசாலாட்சி, "இது என்ன வெதைன்னு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுட்டு வைங்களேன்" என்றாள். மழை ஈரத்தை வீணாக்குவதா? புதிதாக ஒரு பாத்தி கட்டி, கயிறு பிடித்து, வரிசை வரிசையாக ஊன்றிவிட்டேன். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் மண்டல் வீட்டுக்கும் அப்பாராவுக்கும் குஞ்ஞம்மா டீச்சருக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தேன். "சம்பந்தி வீட்டு விதை" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கொடியா, செடியா? பந்தல் போட வேண்டுமா? உடன் தெரிவிக்கவும்.

சிவஞானம்


டாலிகஞ்ச்
1 ஜூலை 1968

அண்ணா,

நான் விதை எதுவும் அனுப்பவில்லை.

அது நத்தை முட்டை.

உங்கள் கடிதத்தைச் சரசுவிடம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். "ஊறின ஜவ்வரிசி" என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது. "கயிறு பிடித்து" என்ற இடத்தில் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "மண்டல் வீட்டுக்கும்" என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உடனே தோண்டி எடுங்கள். எல்லார் வீட்டிலும். எடுத்ததை வெந்நீரில் கொட்டுங்கள். இது உங்கள் ஊர் வயல் நத்தை இல்லை, கை அகலத்துக்கு வளரும், இலை தண்டு பட்டை எதையும் விடாது. உங்கள் தீவில் அது இல்லை என்பதே எனக்கு ஞாபகத்தில் வரவில்லை. இங்கே அதை மிதிக்காமல் கிணற்றடிக்குப் போக முடியாது.

கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, போட் போகுமா என்று தெரியவில்லை என்கிறார்கள். கடவுளே, போக வேண்டும்.

மரகதம்


லாங் ஐலண்ட்
13 ஜூலை 1968

திருமதி மரகதம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முன்பே விதை முளைத்துவிட்டது.

முதலில் பார்த்தது விசாலாட்சி. "ஏங்க, வெதைக்கு எங்கயாவது கொம்பு மொளைக்குமா? இங்க வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் என் பாத்தி காலியாக இருக்கிறது, பக்கத்துக் கீரைப் பாத்தி முழுக்கக் கடுகு கடுகாக ஊர்கிறது. அப்போதே மண்டல் வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தாதா, ஆப்கா பீஜ் சல்தா ஹை!" என்று கத்தினாள். என் விதை நடக்கிறதாம். மில்லில் இப்போது எனக்கு அதுதான் பெயர். காலையில் நான் வருகைப் பதிவு எடுக்கும்போது பின்வரிசையில் யாராவது "சல்தா ஹை" என்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாராவ் சிரிக்கவில்லை. அவனுக்கு ஐந்து பிள்ளைகள், அவரைக்கொடியில்தான் அவன் வீட்டுக் குழம்பு. கொடி இப்போது வெறும் நரம்பாக நிற்கிறது. அவன் என்னைத் திட்டவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். என் கீரை போயிற்று. வெண்டை நாற்று போயிற்று. கல்யாண இலையில் போட என்னிடம் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒரு கொல்லை மண்ணை அள்ளி அடைப்பவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து அடைக்க வேண்டாமா? இதை நான் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

ஆவணியில் கல்யாணம் வைப்பது சரிப்படாது. யாரை நான் எந்த முகத்தோடு அழைப்பேன்? தையில் பார்க்கலாம், அல்லது அதற்கும் பிறகு. ஜெகநாதன் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. எல்லாம் நேரம்.

சிவஞானம்


டாலிகஞ்ச்
20 ஜூலை 1968

அண்ணா,

மண்ணைப் பார்க்காமல் அடைத்தது நான்தான். அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதை வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி, வீடு வீடாகக் கொடுத்தது யார்? பந்தல் போடவா என்று கேட்டது யார்? பாதிப் பழியை நீங்களும் சுமக்க வேண்டும், டின்னை இரண்டிரண்டாகச் சுமந்த மாதிரி.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். யுத்தத்தில் ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்திருந்த காலத்தில் இந்த நத்தை இங்கே வந்தது. நான் அப்போது பாவாடை கட்டின பெண். அன்றைக்கு எங்களுக்குச் சோறே இல்லை, நத்தையை யார் கவனித்தார்கள்? சோறு வந்தபோது ஊர் முழுக்க நத்தை இருந்தது. பிறகு பழகிவிட்டோம். கீரை போட்டால் பாதி அதற்கு, பாதி நமக்கு என்று நினைத்துத்தான் போடுகிறோம். ஓட்டை இல்லாத கீரையை இங்கே பிறந்த பிள்ளைகள் பார்த்ததே இல்லை. டின்னில் மண் அடைக்கும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பழகிப்போனது கண்ணுக்குத் தெரிவதில்லை அண்ணா. அதுதான் நான் செய்த தப்பு.

தையில் கல்யாணம் என்ற வரியைப் படித்துச் சரசு அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, மாமாக்கு எழுது. நம்ம ஊர்ல அது எங்க மொதல்ல வந்துச்சுன்னு யாருக்குமே மாலூம் இல்ல. மாமா வெச்ச எடம் மாமாக்கு மாலூம்தானே? கயிறு புடிச்சு வெச்சிருக்காரு! நாலே வீடு. இன்னும் குட்டி குட்டியாத்தான் இருக்கும், முட்டை போடுற வயசு இல்ல. இப்ப புடிச்சா புடிச்சதுதான். தை வரைக்கும் வெட்கப்பட்டுட்டு உக்காந்தா லாங் ஐலண்டும் டாலிகஞ்ச்தான்."

என் மகள் பேசினதால் சொல்லவில்லை, அவள் சொல்வது நியாயம். இந்தத் தீவுகள் முழுவதிலும் அதை எங்கே விதைத்தோம் என்று அறிந்த ஒரே மனிதர் நீங்கள். அப்படிப்பட்டவர் முகத்தை மூடிக்கொண்டு வீட்டில் உட்காரலாமா?

பகலில் ஓட்டுக்குள் பதுங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்ததும் பாருங்கள், விடிகிற வேளையில் பாருங்கள். வாழைமட்டையை ஈர மண்ணில் கவிழ்த்துப் போட்டால் அடியில் வந்து ஒளிந்துகொள்ளும். வேலியோரம் சுண்ணாம்பு போடுங்கள்.

நாள் மாற்ற நாங்கள் சம்மதிக்கவில்லை. இது என் வீட்டுக்காரர் சொன்னது. அவரே வாயைத் திறந்து சொன்னார்.

மரகதம்


லாங் ஐலண்ட்
4 ஆகஸ்ட் 1968

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி வைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு முதலில் அப்பாராவ் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று போகிற வழியெல்லாம் ஹிந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அவரைக்கொடி அடியில் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். அவன் திண்ணையில் நின்று பார்த்தான். பிறகு உள்ளே போய் அவனும் ஒரு சட்டியோடு வந்தான். முடிந்ததும் அவன் மனைவி டீ கொடுத்தாள். அந்த டீயைக் குடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கப்புறம் அது என் வேலையாக இல்லாமல் ஊர் வேலையாகிவிட்டது. மண்டல் வீட்டு அம்மாவிடம் ஏழு வாத்துகள் இருக்கின்றன. காலையில் அவற்றை வரிசையாக ஓட்டி வந்து எங்கள் கொல்லையில் விடுகிறாள். குட்டி நத்தைகளை அவை விழுங்குகிற வேகத்தைப் பார்த்தால் பந்தியில் என் மச்சினரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குஞ்ஞம்மா டீச்சர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். ராஞ்சிக்காரக் கூலியாட்கள் மில் முடிந்து போகும்போது வாழைமட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான்கு கொல்லைகளின் எல்லையிலும் கயிறு கட்டி, உள்ளே இருந்து ஒரு இலை கூட வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மீறினால் நான் சத்தம் போடுகிறேன். ஒருவரும் "சல்தா ஹை" என்று இப்போது சொல்வதில்லை. சொன்னாலும் நானே சிரித்துவிடுகிறேன்.

போர்ட் பிளேயரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், நத்தையைத் தின்ன ஏதோ ஒரு பிராணியைக் கப்பலில் வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னார். பிறகு அந்தப் பிராணியைத் தின்ன என்ன வரவழைப்பீர்கள் என்று விசாலாட்சி உள்ளிருந்து கேட்டாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் ஆவணியிலேயே. இன்னொரு செய்தி, இதுவும் விசாலாட்சி மூளைதான். "மொய்யா ரூவா வேண்டாம், ஆளுக்கொரு வாளி நத்தை கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள். நான் அழைக்கப் போகிற வீட்டிலெல்லாம் அதையே நிஜமாகச் சொல்லிவிட்டேன். ஊரே சந்தோஷத்தில் குதிக்கிறது.

சிவஞானம்


டாலிகஞ்ச்
14 ஆகஸ்ட் 1968

அண்ணா,

மொய் விஷயம் இங்கே பரவி ஒரே கட்பட், ஆளாளுக்குக் குழப்புகிறார்கள். பாம்பூஃப்ளாட்டில் இருக்கிற என் தம்பி ஃபெர்ரி பிடித்து வந்து, "அக்கா, எங்க வீட்ல இருந்து ரெண்டு மூட்டை கொண்டாரேன், மாப்பிள்ளை வீடு அசந்து போயிடும்" என்கிறான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். போட் ஏறுவதற்கு முன் அவன் பைகளை நானே உதறிப் பார்க்கப் போகிறேன்.

எல்லார் பைகளையும்தான். பாய், சமுக்காளம், செருப்பு வரை. ஜெட்டியில் இறங்குவதற்கு முன் காலைக் கழுவச் சொல்லியிருக்கிறேன். என் நாத்தனாருக்கு இது அவமானமாகப் பட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காலைக் கழுவிக்கொண்டு போவது நமக்கு மரியாதைதானே என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வைத்தேன்.

சரசு ஒரு மல்லிகை கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். நீங்கள் முன்பு வைத்ததைத் தோண்டி எரித்துவிட்டீர்களாமே. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் ஒரு கிளையை ஒடித்து, இலையெல்லாம் உருவி, மூன்று தடவை கழுவி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். "மண் அங்க இருக்கும்மா. குச்சி போதும்" என்றாள். சரி என்றேன்.

கூரைப் புடவை வாங்கியாயிற்று. நிறம் சொல்ல மாட்டேன்.

மரகதம்


லாங் ஐலண்ட்
22 ஜூன் 1969

தங்கச்சி மரகதத்துக்கு அண்ணன் எழுதுவது.

மழை பிடித்துப் பத்து நாளாகிறது. நான் இந்தப் பத்து நாளும் சரியாகத் தூங்கவில்லை. போன வருஷம் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் தூறல் விழுந்ததே, உங்கள் மகள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாலையும் கழுத்துமாக அப்பாராவ் கொல்லைக்குள் இறங்கினாளே, அன்றைக்கு மொய்யாக வந்தது பதினோரு வாளி. ஐப்பசியில் ஒரு வாளி கூட நிரம்பவில்லை. மார்கழிக்குப் பிறகு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வெயில் காலத்தில் அது மண்ணுக்குள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இந்த மழையில்தான் உண்மை தெரியும் என்று காத்திருந்தேன்.

நேற்று சனிக்கிழமை, விடியற்காலை மழை விட்டதும், ஊரே இறங்கிற்று. நான்கு கொல்லை, வேலி, வாய்க்கால், மில் பின்னால் இருக்கிற மரத்தூள் மேடு வரை. மண்டல் வீட்டு வாத்துகள் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பின. ஒன்றும் இல்லை தங்கச்சி. ஒன்றே ஒன்று கூட இல்லை. அப்பாராவ் என்னைத் தூக்கிவிட்டான். இந்த வயதில், இத்தனை பேருக்கு நடுவில், தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கினான். கண்ணாடி விழுந்து உடைந்தது. உடையட்டும்.

சரசு வைத்த குச்சி கூரை வரை ஏறிவிட்டது. அவளுக்கு ஐந்தாம் மாதம், அண்ணி பார்த்துக்கொள்கிறாள். இந்தக் கடிதத்தோடு ஒரு கூடை காய் அனுப்பியிருக்கிறேன். வேரையெல்லாம் சரசுவே கழுவினாள்.

சிவஞானம்


டாலிகஞ்ச்
9 ஜூலை 1969

அண்ணா,

கூடை மூன்றாம் நாளே வாடாமல் வந்தது. புடலை, பாகல், அவரை, கீரைக்கட்டு. அவரைக்காய் அப்பாராவ் கொல்லையிலிருந்து என்று சரசு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாள். அவரிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

எனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவில் பங்கு போட்டேன். எதிர்வீட்டு நீலாவதி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இருபது வயதுதான். கீரையைக் கையில் வாங்கி, ஒரு இலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது நெஜ எலையா? ஒரு ஓட்ட கூட இல்லையே" என்றாள். அன்றைக்கு அவள் அதைச் சமைக்கவில்லை, தண்ணீரில் போட்டு வைத்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வாளியோடு வந்து நின்றாள். நம் தெருவில் ஆரம்பிக்கலாம் என்றாள். நான் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அங்கே நாலு வீடு, கயிறு பிடித்து விதைத்த மகராசன் ஒருத்தர் இருந்தார். இங்கே இருபத்தைந்து வருஷமாக ஊர் முழுக்கத் தானாக விதைத்துக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் ஆகிற காரியம் இல்லை என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. நானும் இறங்கினேன்.

மத்தியானம் வரை பொறுக்கினோம். மறுநாள் பார்த்தால் அதே அளவு இருந்தது. "இதுக்கு முடிவே கிடையாது" என்று என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியிலிருந்து சொன்னார். அவர் வாயைத் திறந்தால் சரியாகத்தான் சொல்வார். ஆனால் மூன்றாம் நாள் எட்டுப் பெண்கள் வந்தார்கள். நேற்று அவரே குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, பொறுக்காமல், எங்கெங்கே இருக்கிறது என்று கம்பால் காட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஊரைக் காப்பாற்ற முடியுமா என்று எனக்குத் தெரியாது அண்ணா. தெருவைக் காப்பாற்ற முடியுமா என்பதே சந்தேகம்தான். ஆனால் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இனிமேல் என்னால் உட்கார முடியவில்லை. சரசு பிரசவத்துக்கு இங்கே வரப் போகிறாள். பிள்ளை பெற்றவளுக்கு நான் கடைந்து போடுகிற கீரை உங்கள் கூடையில் வந்ததாக இருக்கக் கூடாது, என் கொல்லையில் முளைத்ததாக இருக்க வேண்டும். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். சுற்றிலும் சுண்ணாம்பு. இன்று காலையில் முதல் இரண்டு இலை விட்டிருக்கிறது. இரண்டும் முழுசாக இருக்கின்றன.

மரகதம்